பதினாலாம் நம்பர் குதிரையும் மூணாவது சந்து ஓஸும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்தத் தொழிலாளியின் காசும் இந்த ஆண்டு குதிரைக் குளம்புக்கடியில் போய் விழக்கூடாது என்று தொழிற்சங்கத் தலைவர் தேசப்பன் சபதம் எடுத்தார். சபதம் அவருக்குப் புதிதில்லை. போனஸுக்கு எடுத்திருக்கிறார். எட்டு மணி நேர வேலைக்கு எடுத்திருக்கிறார். கேன்டீன் சாம்பாருக்கு எடுத்திருக்கிறார். மூன்றில் சாம்பார் மட்டும் கொஞ்சம் கெட்டியானது.

குதிரை இங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பம்பு செய்யும் கம்பெனி ஒன்றை ஆஸ்திரேலியாக்காரன் வாங்கினான். அவன் ஊரில் நவம்பர் மாதம் குதிரைப் பந்தயத் திருவிழா. மெல்போர்ன் நகரமே அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்குமாம். லீவை அவன் இங்கே கொண்டுவரவில்லை. குதிரையை மட்டும் கொண்டுவந்தான். கேன்டீனில் ஒரு ஹெல்மெட்டை மல்லாத்தி வைத்து, குதிரைகளின் நம்பரைச் சீட்டில் எழுதிப் போட்டு, காசு கொடுத்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எவன் சீட்டுக் குதிரை முதலில் வருகிறதோ அவனுக்கு மொத்தப் பணமும். முதல் ஆண்டு ஒரு ஷிப்ட் ஆடியது. இந்த ஆண்டு பக்கத்துக் கம்பெனிகளுக்கும் தொற்றிக்கொண்டது. டீக்கடை பெஞ்சில்கூடக் குதிரைப் பேச்சு.

சம்பள உயர்வு என்றால் காது கேட்காத நிர்வாகம், குதிரை என்றதும் ஹெல்மெட்டை நீட்டுகிறதே, ஏன்? தேசப்பன் கல்லூரியை மறியல் செய்யத்தான் போய்ப் பார்த்தவர். அவர் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரம். அதில் முதல் பாடமே இந்த 'ஏன்'. வேலையை விட்டுத் தூக்கியபோதும் அந்தப் பாடத்தை அவர் விடவில்லை.

நோட்டீஸ் எழுதினார். பந்தயத்தன்று சாயங்காலமே வாயிற்கூட்டம் என்று அறிவித்தார். நோட்டீஸின் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்: 'என் வீட்டு வாசற்படியைக்கூட இந்தச் சூது மிதித்ததில்லை. நெஞ்சில் கை வைத்து இப்படிச் சொல்ல நிர்வாகத்தில் ஒருவர் உண்டா?' அச்சடித்த கட்டு வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் மனைவி மேரி அந்தக் கேள்வியைக் கேட்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், மழை பெஞ்சா குதிரைக்குக் கால் வழுக்காது?"

தேசப்பன் நிமிர்ந்தார். "எந்தக் குதிரைக்கு?"

"பொதுவா."

"பொதுவா இன்னாத்துக்குக் கேக்கற?"

"பொதுவா ஒண்ணு கேக்கறதுக்கு உன் சங்கத்துல பர்மிஷன் வாங்கணுமா?"

வெங்காயம் உரித்தவள் கண்ணில் தண்ணீர் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில்தான் எரிச்சல். மேரியும் ஒரு கம்பெனி கேன்டீனில் பிற்பகல் ஷிப்ட் போகிறவள். அங்கேயும் ஹெல்மெட் வந்துவிட்டதா? அன்றிரவே அரிசி டப்பாவுக்குள் கை விட்டுப் பார்த்தார். அவள் சேமிப்பு வைத்தது வைத்தபடி இருந்தது. சந்தேகம் இரண்டு மடங்கானது. காசு குறைந்திருந்தால் சாதாரணக் குற்றம். குறையாமல் இருப்பது திட்டமிட்ட குற்றம்.

அடுத்த தடயம் குழாயடியில் கிடைத்தது. மூணாவது சந்தில் பன்னிரண்டு வீடு, ஒரே குழாய். விடிவதற்கு முன்னால் தண்ணீர் வரும். குழாயில் பச்சை ஓஸை மாட்டி, வீடு வீடாக இழுத்துக்கொண்டு போய், கடைசி வீட்டு டிரம் நிரம்பும்வரை ஒருத்தர் நிற்க வேண்டும். வாரம் ஒரு வீட்டு முறை. மற்ற வீடுகளில் ஆண்கள்கூட இழுப்பார்கள். தேசப்பன் வீட்டு முறையில் எப்போதும் மேரிதான். பெண்ணுழைப்பு பற்றி அவர் மூன்று துண்டுப் பிரசுரம் எழுதியிருக்கிறார். மூன்றையும் எழுதி முடிக்கும்வரை ஓஸ் மேரியின் கையில்தான் இருந்தது.

அன்றைக்கு அவர் பல் தேய்த்துக்கொண்டே குழாயடிப் பக்கம் போனார். மேரியும் எதிர்வீட்டுச் செண்பகமும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பதினாலு மேலதான் நான் நிக்கிறேன், எவ இன்னா சொன்னாலும் சரி" என்றாள் மேரி. அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் இருவரும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சந்துத் தண்ணீர் எந்தக் காலத்தில் உப்புக் கரிக்காமல் இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வீட்டுக்கு வருகிறவள், செண்பகத்தோடு பஸ் ஏறிப் பெரியபாளையம் போய்விட்டு வந்தாள். கையில் வேப்பிலை. செண்பகத்துக்குத் துணைக்குப் போனேன் என்றாள். மாதாவிடம் ஒரு மெழுகுவர்த்தி, பவானியம்மனிடம் ஒரு வேப்பிலை. இரண்டு இடத்தில் மனுப் போடுகிறாள் என்றால் விவகாரம் பெரியது என்று தேசப்பனுக்குத் தெரியும். அவரும் அப்படித்தான் மனுப் போடுவார்.

மேரியை நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கூட்டத்தில் நெஞ்சில் கை வைக்க முடியாது. கட்டிலுக்கடியில் கடைசி வரி பெரிய எழுத்தில் படுத்திருந்தது. ஆகவே ரகசிய விசாரணைக்குச் சாம்சனை அனுப்பினார். சாம்சன் சங்கத்தின் துணைத் தலைவர், அதே சந்து. போன வேகத்தில் தன் மனைவி ஜெபாவிடம் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

சாம்சன் சொன்னது இதுதான். சந்துப் பெண்களும் பந்தயம் ஆடுகிறார்கள். ஆனால் காசு இல்லை. ஓஸ். மேரி பதினாலாம் நம்பர் குதிரைமேல் வைத்திருக்கிறாள். பதினாலு முதலில் வந்தால் மேரியின் முறையை வருடம் முழுக்க மற்ற பதினொரு வீடும் இழுத்துக் கொடுக்கும். வராவிட்டால் பன்னிரண்டு வீட்டு முறையையும் மேரி வீடு இழுக்க வேண்டும்.

"மேரி இழுக்கட்டும். வெச்சது அவதானே" என்றார் தேசப்பன்.

சாம்சன் செருமினார். "அக்கா இழுக்கக் கூடாதாம் தலைவரே. நீங்கதான் இழுக்கணுமாம். பேர் சொல்லியே வெச்சிக்கிறாங்க."

முப்பது வருடம் தொழிலாளியின் உழைப்பை அவனைக் கேட்காமல் எவனும் தொடக்கூடாது என்று பேசியவரின் உழைப்பு, அவரைக் கேட்காமலே பந்தயத்தில் ஏறிவிட்டது. பெண்டாட்டியைச் சூதில் வைத்தவன் கதையை ஊர் கேட்டிருக்கிறது. புருஷனை வைத்தவளை இந்தச் சந்துதான் முதலில் பார்க்கிறது.

உழைப்புகூடப் பெரிதில்லை. விடிகாலையில் தலைவர் ஓஸும் கையுமாகத் தெருவில் நின்றால், ஏன் என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' அவர் சொல்லிக் கொடுத்தது. பெண்டாட்டி சூதில் தோற்றாள் என்பது பொழுது விடிவதற்குள் எல்லாக் கம்பெனி கேட்டுக்கும் போய்விடும். கறை படாத பேர் ஒன்றுதான் அவர் சம்பாதித்த சொத்து.

"அந்தப் பதினாலு எப்படி? ஓடுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

சாம்சன் போனில் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எவனும் சீந்தாத குதிரை தலைவரே."

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தயம் தொடங்குவதற்குள் அந்தப் பெண்கள் நடுவே போய் நிற்பது. சங்கத்தின் பேரால் பந்தயம் செல்லாது என்று அறிவிப்பது. முடிவு வருவதற்கு முன்பே ரத்தானால் வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை, ஓஸும் இல்லை. அதே சூட்டில் சாயங்காலம் கூட்டம். சொந்தச் சந்திலேயே சூதை ஒழித்துவிட்டு வந்தேன் என்று தொடங்கலாம். கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை பேசியும் பார்த்தார். மேரி பின்னால் வந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். எதற்குச் சரிசெய்கிறாள் என்று அப்போது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர் அந்தக் காலரைக் கோட்டைவிட்டார்.

செவ்வாய்க்கிழமை, பந்தய நாள், காலை நாஷ்டா நேரம். செண்பகம் வீட்டில்தான் பெரிய டிவி. சந்துப் பெண்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தேசப்பன் வாசலில் செருப்பை விட்டு, தொண்டையைக் கனைத்து, உள்ளே கால் வைத்தபோது குதிரைகள் கிளம்பிவிட்டிருந்தன. ஒரு நிமிடம் பிந்திவிட்டார். பரவாயில்லை, முடிவு வரவில்லையே. வாயைத் திறந்தார்.

"அதோ பாரு ணா, செவப்புத் தொப்பி. அதான் மேரிக்கா பதினாலு" என்று செண்பகம் கை காட்டினாள்.

சிவப்புத் தொப்பி எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

தேசப்பன் வாயை மூடினார். முன்னால் ஓடுகிற குதிரையை எவனாவது ரத்து செய்வானா? வென்றுவிட்டால் ஓஸும் இல்லை, ஊர்ப் பேச்சும் இல்லை. அறிவிப்பை இன்னும் கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம். நிலைமையைக் கூர்ந்து கவனிப்பதும் போராட்டத்தில் ஒரு கட்டம்தான். கவனித்தார். ஒரு அடி முன்னால் வந்து கவனித்தார். ஜெபாவின் தலை மறைத்தது, தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுக் கவனித்தார்.

வளைவில் ஒரு கறுப்புக் குதிரை பக்கத்தில் வந்தது. அப்புறம் இன்னொன்று. சிவப்புத் தொப்பி இரண்டாவதானது, ஐந்தாவதானது. கொழுத்த குதிரைகள் எல்லாம் ஒன்று சேர்ந்து அந்த ஒல்லிக் குதிரையை நசுக்குவதாக அவருக்குப் பட்டது. கை தானாக மேலே போனது. விரல்கள் தானாக மடங்கின. மைக் இல்லாமல் கேட்டைத் தாண்டி உள்ளே கேட்கும் குரல் அது.

"விடாத! பதினாலு, விடாத! ஏறு! நான் இருக்கறேன், ஏறு!"

டிவி மேல் வைத்திருந்த பிளாஸ்டிக் பூ அதிர்ந்தது. பதினாலு ஏறவில்லை. எத்தனையாவதாக வந்தது என்று டிவிக்காரனே சொல்லவில்லை. உயர்த்திய கையோடு தேசப்பன் திரும்பிப் பார்த்தார்.

ஒருத்திகூட டிவியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு. ஒரு வருசம் போச்சு" என்று ஜெபா தலையில் கை வைத்தாள்.

செண்பகத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "நீயா ணா கத்தின? தீபாவளிக்குக் கம்பெனி குடுத்த ஸ்வீட்டையே கேட்டாண்ட வெச்சிட்டு வந்த ஆளு நீ. நீ டிவியப் போட்டு ஒடைப்பன்னு உன்ன நம்பித்தானே நாங்க அந்தப் பக்கம் வெச்சோம்."

தேசப்பனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. குதிரைமேல் யாரும் எதுவும் வைக்கவில்லை. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கிளம்பிய தேசப்பன், டிவி முன்னால் நின்று ஒரு குதிரைக்குக் கோஷம் போடுவார் என்று மேரி ஒருத்தி வைத்திருந்தாள். சாவே வந்தாலும் போடமாட்டார் என்று மற்ற பதினொரு பேரும் வைத்திருந்தார்கள். பதினாலாம் நம்பர் கதையை அவர் காதில் போட மேரி அனுமதி கேட்டபோது, அதைக் கேட்டால் மனிதர் இன்னும் மூர்க்கமாவார் என்று அவர்களும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். மழையும் குதிரையும் குழாயடியும் ஜெபாவின் வாக்குமூலமும் எல்லாமே ஏற்பாடு. வேப்பிலை மட்டும் நிஜம். அது செண்பகத்தின் வேண்டுதல். தேசப்பன் அண்ணன் கத்தக் கூடாது என்று.

வீட்டுக்கு வந்ததும் தேசப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். மேரி அடுப்பைப் பற்ற வைத்து வடை போட ஆரம்பித்தாள்.

"எவனும் சீந்தாத குதிரைய எதுக்குடி எடுத்த?"

"கெலிக்கிற குதிரைக்கு நீ கத்துவியா? முப்பது வருசமா பாத்துக்கினு கீறேன். தோக்கிற பக்கம் நின்னு கத்தறதுதானே உனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலு."

அவருக்கு அது வலித்தது. வலித்த இடத்தில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "நான் கத்தாம இருந்திருந்தா?" என்றார்.

"நீ ஓஸ் இழுத்திருப்ப. கத்தனதால ஊரு இழுக்கும். எப்படியும் நான் இழுக்கறது இல்ல."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டுக்கினு வெச்சா அது பந்தயமா? ஓடற குதிரைய எவன் கேக்கறான்?" மேரி கட்டிலுக்கடியில் கை விட்டு நோட்டீஸ் ஒன்றை உருவினாள். அதில் நாலு வடையை வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். எண்ணெய் மெல்லப் பரவி, பெரிய எழுத்தில் இருந்த கடைசி வரியை எட்டியது. "சாப்பிடு. ஓடின குதிரைக்குத் தீனி போடணும் இல்ல."

போன் அடித்தது. சாம்சன். குரல் சரியில்லை. ஜெபா ஏதோ வருடம் பூரா ஓஸ் இழுக்கணும் என்கிறாள், ஒன்றும் புரியவில்லை, அது கிடக்கட்டும் தலைவரே, சாயங்காலம் கூட்டத்துக்குத் தட்டி எழுதறவன் வந்து நிற்கிறான், தலைப்பு என்ன என்று கேட்டார்.

தேசப்பன் மேரியைப் பார்த்தார். மேரி வடையைப் பார்த்தாள்.

"தண்ணீர்ப் பிரச்சனை" என்றார் தேசப்பன்.