வானொலியில் வந்த விண்கலம்

பான்செவோ,
புனித நிக்கோலா திருநாளுக்கு மறுநாள்.

அன்புள்ள விதோசாவா அக்காவுக்கு,

தம்பி ரதிவோய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி ஸ்தாமெனாவும் நலம். வியன்னாவில் நீயும் அத்தானும் உன் முழங்காலும் நலமா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேசட் பிழைத்துவிட்டது. மீதியை நீ பதறாமல் படிக்கலாம்.

எந்தக் கேசட் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். நம் சின்ன வயதில் கணினி விளையாட்டுகளைக் கீச்சொலியாக மாற்றி வானொலியில் ஒலிபரப்புவார்களே, அந்தக் கீச்சலை ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து நீ பதிவு செய்தாயே, நடுவில் யாரும் வந்து இருமித் தொலைக்கக் கூடாதென்று நான் வெளியே மாடிப்படியில் காவல் நின்றேனே, அந்த விண்கலக் கேசட். அந்தச் சதுர விண்கலமும் ஊர்ந்து வரும் வேற்றுக்கிரகப் பிராணிகளும் இல்லாவிட்டால் நான் அறிவியல் புனைகதைப் பக்கம் போயிருப்பேனா, ஒன்பது நாவல் எழுதியிருப்பேனா? சனிக்கிழமை நம் ஊர் வாசகர் மன்றத்தில் எனக்குப் பாராட்டு விழா. எல்லாம் தொடங்கிய அந்த விளையாட்டை மேடையிலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நேற்று நம் வீட்டுக் காவல் புனிதரின் திருநாள். யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை, தானாக வருவதுதான் முறை என்பதால் வராதவர்களே இல்லை. என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற க்வோஸ்தென், பிளம் சாராயம் உள்ளே போனதும், "டேய், இது திருநாள் வீடா, எழவு வீடா? பாட்டு எங்கடா?" என்று அலமாரியைக் குடைந்து, அக்கார்டியன் பாட்டு என்று நினைத்து என் கேசட்டைப் போட்டுவிட்டான். அந்தக் கீச்சலில் வீடே வீறிட்டது. பாதிரியார் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். காது மந்தமான ஸ்தாமெனாவின் பெரியப்பாவோ, "ஆகா, என்ன குரல்! இன்னும் சத்தமா வைங்கப்பா!" என்றார். நான் பாய்வதற்குள் கருவி நாடாவை மென்று விழுங்கத் தொடங்கியிருந்தது. "ஐயோ, என் வாழ்க்கையே போச்சே!" என்று கத்தினேன். "நான் இங்கதானே நிக்கறேன், எங்க போனேன்?" என்றாள் ஸ்தாமெனா. அப்படிச் சொன்னாலும், கையில் ஒட்டிய முட்டைக்கோஸ் சுருள் பிசுக்கைக் கழுவிவிட்டு வந்து, புருவம் திருத்தும் இடுக்கியால் நாடாவை அவள்தான் மீட்டாள். பென்சிலை விட்டுச் சுற்றினோம். இன்று காலை பழைய கணினியில் ஏற்றினேன். ஏறிவிட்டது அக்கா! அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது.

புனித நிக்கோலா உன் முழங்காலைக் காப்பாராக. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
ரதிவோய்

பி.கு. உறையை ஒட்டுமுன் ஓர் ஆட்டம் ஆடினேன். சின்ன வயதில் நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை அல்லவா? இன்று ஜெயித்தேன். திரையில் எழுத்து வந்தது: "வாழ்த்துகள்! வண்டுகள் ஒழிந்தன. உருளைக்கிழங்கு வயல் தப்பியது." அது விண்கலமே இல்லை, மருந்தடிக்கும் டிராக்டர். அறிவிப்பாளர் விளையாட்டின் பெயரைச் சொன்னபோது ரேடியோ பக்கத்தில் இருந்தவள் நீ ஒருத்திதான். "விண்கலமாக்கா?" என்று நான் ஓடிவந்து கேட்டதும், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாண்டா, விண்கலம்தான்" என்றாய். சனிக்கிழமை மேடையில் வழக்கம்போலத் தோற்றுவிடப் போகிறேன். நீயும் மூச்சு விடாதே. ரொம்ப நன்றி அக்கா.