நம்பர் பிளேட்டை மாற்றிய சனிக்கிழமை

பனிச்சறுக்குக் கட்டைகள் வண்டிக்குள் நுழைய மறுத்தன. துமெனி கதவு வழியாக விட்டுப் பார்த்தார், பின்கண்ணாடி வரை சாய்த்துப் பார்த்தார், கடைசியில் கட்டைகளிடமே கெஞ்சிப் பார்த்தார். இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. அதைச் செய்தவர்களுக்குப் பெட்டி படுக்கை உள்ளவர்கள் மேல் ஏதோ கோபம் இருந்திருக்க வேண்டும்.

"உள்ள போகாதுன்னு நேத்தே சொன்னேன்," என்றாள் அவர் மனைவி மெங்கியா. கம்பளித் தொப்பியும் கையுறையுமாக, சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி கராஜ் வாசலில் நின்றிருந்தாள்.

"உள்ள போகலேன்னா மேல போகுது. கூரையில கட்டிக்கலாம்."

"அந்தக் கூரையிலயா? சோப்பு டப்பா மாதிரி வழவழன்னு இருக்கு."

துமெனி கட்டைகளைத் தூக்கிக் கூரைமேல் வைத்துப் பார்த்தார். அவருக்கு இது வெறும் சனிக்கிழமைப் பயணம் அல்ல. ஏப்ரலில் இரண்டு முழங்காலிலும் அறுவைசிகிச்சை. அதற்குப் பிறகு பனிச்சறுக்கை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அறுபதாவது பிறந்தநாளுக்கு, ஆயுள் முழுக்க அடக்கிவைத்த ஆசையை ஒரே மூச்சில் தீர்த்துக்கொள்ள வாங்கிய வண்டி. கால் இரண்டும் தன்னுடையதாக இருக்கிறபோதே, மெங்கியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதில் ஒரு தடவை பனிமலைக்குப் போய்வந்துவிட வேண்டும். பாவம், மனிதர் கேட்டது அவ்வளவுதான்.

மெங்கியா அசைந்துகொடுக்கவில்லை. "அது கோடைக்காலத்து வண்டி," என்பது அவள் கட்சி. ஸ்விட்சர்லாந்தின் குவார் நகரத்தில் எத்தனையோ வீடுகளைப் போல அவர்கள் வீட்டிலும் இரண்டு வண்டிக்கு ஒரே ஜோடி நம்பர் பிளேட். எது சாலைக்குப் போகிறதோ அது பிளேட்டை மாட்டிக்கொள்ளும், மற்றது கராஜில் கிடக்கும். நவம்பர் பிறந்தால் பிளேட் பழைய ஸ்டேஷன் வேகனுக்குப் போய்விடும். சிவப்பு வண்டிக்கு மெங்கியாவே தன் கையால் போர்வை போர்த்திவிடுவாள். வாரநாளெல்லாம் துமெனி விடியுமுன் ரயிலேறி சூரிச்சுக்கு வேலைக்குப் போய்விடுவார். சனி, ஞாயிறுகளில் போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஆசை தாங்காமல் குளிர்கால டயர் நான்கையும் வேறு மாட்டிவைத்திருந்தார்.

மூன்று வாரம் கெஞ்சியதில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரே ஒரு தடவை. மனுஷங்க மாதிரி ஒழுங்கா போய்ச் சேர்ந்தா பாக்கலாம். இல்லேன்னா இனிமே குளிர்காலத்துல அந்தப் போர்வையைத் தொடக்கூடாது."

ஆகவே அன்று காலை துமெனி பிளேட்டுகளை வேகனிலிருந்து கழற்றி, சிவப்பு வண்டியில் பயபக்தியோடு மாட்டியிருந்தார்.

கூரையில் கட்டைகளை ஏற்ற ஒரு தாங்கி வாங்கிவைத்திருந்தார். அடியில் ரப்பர் கிண்ணங்கள், அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். அன்றைய குளிரில் ரப்பர் விறைத்துப்போய் எதையும் பிடிக்கத் தயாராக இல்லை. துமெனி உள்ளே ஓடிப்போய்க் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். ரப்பர் இளகியது, கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

"பாத்தியா!" என்றார்.

ஊற்றிய தண்ணீர் கூரையிலிருந்து வழிந்து, ஓட்டுநர் பக்கக் கதவின் இடுக்கில் இறங்கி, அங்கேயே உறைந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. துமெனி இழுத்தார், இடித்தார், சாவித்துவாரத்தில் ஊதினார். கடைசியில் மெங்கியாவின் பக்கமாக ஏறி, கியர் தண்டைத் தாண்டித் தவழ்ந்துபோய்த் தன் இருக்கையில் விழுந்தார். முழங்கால் 'மடக்' என்றது.

"வலிக்குதா?"

"இல்ல," என்றார் கண்ணில் நீரோடு.

வண்டி புறப்பட்டது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ!" என்று மெங்கியா நெஞ்சில் கைவைத்தாள்.

"பயப்படாத. நான் இருக்கேன்ல."

"அதான்," என்றாள் அவள்.

பள்ளத்தாக்கு வரை எல்லாம் சுமுகம். உள்ளே ஹீட்டர் சூடு ஏற ஏறக் கூரையும் சூடாகி, ரப்பர் கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. ஒரு வளைவில் கட்டைகள் சரிந்து முன்கண்ணாடிக்கு மேல் வந்து எட்டிப்பார்த்தன. துமெனி ஓரங்கட்டி, மெங்கியா பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கட்டைகளை அவள் மடி வழியாக உள்ளே செருகினார். பாதி உள்ளே, பாதி வெளியே. ஜன்னலை மூட வழியில்லை. அவள் கழுத்துத்துணியை மூக்குவரை ஏற்றிச் சுற்றிக்கொண்டாள். பனி நேராக அவள் காதுக்குள் பெய்தது.

"குளிருதா?"

"நீ ரோட்டைப் பாரு."

மலை ஏறத் தொடங்கியதும் வேறு சிக்கல். வண்டியின் எஞ்சின் பின்னால் இருக்கிறது, மூக்கில் எடையே கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பாமல் நேரே பனிமேட்டைப் பார்த்துப் போனது. மெங்கியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"மெதுவா... மெதுவா விடு... பிரேக்கைத் தொடாத," என்று முனகினாள்.

"பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டாத மெங்கியா. எனக்கு ஓட்டத் தெரியும்."

மூக்குக்கு எடை வேண்டும், அவ்வளவுதானே? சாலையோரம் வழுக்கலுக்குத் தூவுவதற்காகச் சரளை கொட்டிவைத்த பெட்டி ஒன்று இருந்தது. துமெனி இரண்டு பைகளில் அதை அள்ளி நிரப்பி முன்பக்க டிக்கியில் அடைத்தார். வண்டி இப்போது திரும்பியது. ஆனால் மூக்கு தரைக்கு இறங்கிவிட்டதால், போகிற வழியெல்லாம் பனியை வழித்துத் தள்ளிக்கொண்டே போனது. கொஞ்ச தூரத்தில் முன்னால் மார்பளவு பனிக்குவியல் சேர்ந்து, வண்டி முக்கி நின்றது.

சங்கிலி மாட்டலாம் என்று குனிந்தார். அகலமான சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையவும் இடமில்லை. சங்கிலியைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு ரோஷத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தம்பி லினார்த்துக்குப் போன் போட்டார்.

"தம்பி, நம்ம வீட்டு வேகனை எடுத்துக்கிட்டு வந்து எங்களைக் கூட்டிட்டுப் போயேன். சாவி உன்கிட்ட இருக்குல்ல?"

"சாவி இருக்குண்ணே. நம்பர் பிளேட்டு எங்க இருக்கு?"

துமெனி குனிந்து பார்த்தார். பிளேட் தன் காலடியில், பனிக்குவியலுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. திரும்பிப்போகும் வழியைத் தன் கையாலேயே கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

"அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார்.

அப்போது மேலே வளைவில் மூன்று சுரத்தில் ஹாரன் முழங்கியது. அஞ்சல் பேருந்து, மஞ்சள் நிறத்தில் மலைபோல இறங்கி வந்தது. அந்த மலைச்சாலைகளில் மஞ்சள் பேருந்து ஓட்டுபவர் சொல்வதுதான் சட்டம். மந்திரியே ஆனாலும் பின்வாங்கு என்றால் பின்வாங்க வேண்டும்.

ஓட்டுநர் பார்ப்லா அந்தப் பாதைக்குப் புதியவள், கண்டிப்பானவள். கண்ணாடியை இறக்கினாள்.

"பின்னால எடுங்க! கீழ ஒதுங்க இடம் இருக்கு."

"பின்னால வந்தா சறுக்குதுங்க."

"அப்ப முன்னால வாங்க."

"அதுவும் போகலைங்க."

"இது வண்டியா, சிலையா?"

பேருந்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பார்ப்லா இறங்கிவந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "அந்தக் கட்டையை உள்ள இழுத்துக்கோங்கம்மா. என் பஸ் கண்ணாடி பேந்துடும்."

மெங்கியா இழுத்துக்கொண்டாள். கழுத்துத்துணிக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அது துமெனியைப் பார்க்கவில்லை. அவருக்கு அதுதான் வலித்தது, முழங்காலைவிட.

பார்ப்லா கட்டளையிட, பயணிகள் பத்துப் பேர் இறங்கி, வண்டியைத் தள்ளி ஒதுக்குப்புறத்தில் சேர்த்தார்கள். தள்ளுகிற வேகத்தில் பின்பக்கம் பனிச்சுவரில் புதைந்து, புகைக்குழாய் அடைபட்டு, எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"நல்ல கலருங்க," என்று ஒரு பெரியவர் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.

பார்ப்லா மேலே தகவல் சொல்ல, பனிச்சறுக்குத் திடலில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிளாசி ஒரு டிராக்டரோடு இறங்கி வந்தான். பனி அப்பிக் கிடந்த வண்டி என்ன வண்டி என்றுகூட அவன் பார்க்கவில்லை. கொக்கியை மாட்டினான், இழுத்தான்.

இப்படியாக, மாட்டுத் தொழுவ வாசனை வீசும் டிராக்டருக்குப் பின்னால், கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டிபோல, துமெனியின் ஸ்போர்ட்ஸ் கார் பனிமலை ஏறியது. வெளியே வெயில் அடித்தது. சறுக்குகிறவர்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேலே வந்து நின்றதும் மெங்கியா முதலில் இறங்கி, கையுறையால் வண்டியின் மேல் இருந்த பனியைத் துடைத்தாள். துமெனி கியர் தண்டைத் தாண்டித் தவழ்ந்து வெளியே வந்தார். நிமிர்ந்து நிற்கச் சற்று நேரம் பிடித்தது. மலையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"மெங்கியா, நீ சொன்னதுதான் சரி. இது குளிர்காலத்துக்கு லாயக்கில்லாத வண்டி. உன்னையும் போட்டுப் படாதபாடு படுத்திட்டேன்."

"சரி விடு. ஈஸ்டர் வரைக்கும் கராஜ்ல கிடக்கட்டும். நான் போர்த்திவிடறேன்."

"வேண்டாம். அதைப் பாக்கப் பாக்க ஆசைதான் வரும். வித்துடறேன். திங்கக்கிழமையே ஆளைப் பாக்கறேன்."

"விக்கறதா?" மெங்கியா கழுத்துத்துணியைக் கீழே இழுத்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. "எதுக்கு விக்கணும்? அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கட்டுமே துமெனி!"

அவள் கண் கலங்கியிருந்தது. தன்னோடு முப்பத்தைந்து வருஷம் வாழ்ந்தவளுக்குத் தன் ஆசைமேல் இவ்வளவு கரிசனமா என்று துமெனி நெகிழ்ந்துபோனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காக அழாத மெங்கியா. முடிவு பண்ணிட்டேன்."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பிளாசி சத்தம் கேட்டுத் திரும்பினான். துடைத்த இடத்தில் தெரிந்த சிவப்பைப் பார்த்தான், மெங்கியாவின் முகத்தைப் பார்த்தான், பதறிப்போய்க் கயிற்றைக் கீழே போட்டான்.

"விக்கப்போறீங்களா? அப்ப புதன்கிழமை புதன்கிழமை நீங்க எதுலம்மா வருவீங்க?"