கல்லை வேகவைத்தவர்

காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் அந்த மனிதரைச் சக ஊழியர்கள் ‘கற்காலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தட்டி அம்புமுனை செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒன்பது வருடமாகத் தட்டுகிறார். அம்புமுனை என்று சொல்லும்படி ஒன்றும் தேறவில்லை. கட்டைவிரல் பிளாஸ்திரி மட்டும் நிரந்தரம்.

குறை தன் கையில் இல்லை, கல்லில்தான் என்று கண்டுபிடித்தார். கல்லை மணலில் புதைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றி, பொறுமையாக ஆறவிட்டால் மெழுகு மாதிரி வழவழப்பாகிவிடும். தட்டினால் நினைத்தபடி சில்லு பெயரும். அவசரப்பட்டால் வெடிக்கும். போன தடவை ஈரக்கல்லை நேராக அடுப்பில் போட்டு, அது வெடித்து, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி போனது. அன்றே மனைவி சட்டம் போட்டாள்: சமையலறைக்குள் கல் வரக் கூடாது.

ஆனால் திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் அம்புமுனை செய்து காட்டுவதாக வாயை விட்டிருந்தார். மேலாளரே நாற்காலி போட்டு உட்காரப் போகிறாராம். மானம் கப்பலேறாமல் இருக்க ஒரே வழி, மனைவியின் புது ஓவன்.

சனிக்கிழமை காலை அவள் மாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து, ஏழு கற்களை மணல் தட்டில் புதைத்து ஓவனுக்குள் தள்ளினார். சூட்டை அடிமட்டத்தில் வைத்தார். அவள் இறங்கி வந்ததும் மார்பை நிமிர்த்தினார்.

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நீ சமையலறைப் பக்கமே வரக் கூடாது. சமையல் மொத்தமும் நான்தான்!”

“என்னங்க, உடம்புக்கு ஏதாவது?”

“மனசுக்கு! நீ எவ்வளவு உழைக்கிறேன்னு இன்னைக்குத்தான் உறைச்சுது.”

“ஓவன்ல விளக்கு எரியுதே?”

“அது... ரகசியம். திறந்தா கெட்டுடும்.”

“சரிங்க. முதல்ல போய்க் குளிச்சுட்டு வாங்க. சமைக்கிறவங்க சுத்தமா இருக்கணும்ல.”

இவ்வளவு சுலபமா! பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, குடும்பத்தோட கிளம்பி வா. ரெண்டு நாளும் சாப்பாடு அவர் கையால!”

ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். ஐந்து பேருக்கும் நல்ல பசி. அவர் ஓவனுக்கு முதுகைக் கொடுத்தபடியே வெங்காயம் நறுக்கினார், முட்டை உடைத்தார், கையைச் சுட்டுக்கொண்டார். மணிக்கொரு தடவை திருட்டுத்தனமாகச் சூட்டை ஒரு படி ஏற்றினார். மைத்துனி ஓவன் கைப்பிடியில் கை வைத்தாள்.

“இதுல என்ன தம்பி, கேக்கா?”

“தொடாதீங்கக்கா!” என்று அவர் போட்ட சத்தத்தில் சகலையின் கரண்டி கீழே விழுந்தது. சகலை குனிந்து எடுத்துக்கொண்டே கேட்டார்:

“ஏன் சகலை, கல்லே வேகும்னு ஊரெல்லாம் சொல்றீங்க. இங்க உருளைக்கிழங்கு வேகலையே?”

மனைவி சோபாவில் கால் நீட்டிப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். பாத்திரமும் அவரே தேய்த்தார். எல்லாம் கல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஞாயிறு சாயங்காலம் விருந்தாளிகள் போனதும் ஓவனைத் திறந்தார். முந்தின இரவே அணைத்திருந்ததால் தட்டு ஆறியிருந்தது. கையை விட்டுத் துழாவினார். மணல். இன்னும் ஆழமாகத் துழாவினார். இன்னும் மணல். தட்டையே தரையில் கவிழ்த்தார்.

“கல்லு... கல்லு எங்க?”

மனைவி ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே ஏழு கற்கள். சாம்பல் நிறம் போய் இளஞ்சிவப்பேறி, மெழுகு பூசினாற்போல மின்னின.

“பின்தெருவுல பானை செய்யிறவங்களோட சூளையில கொடுத்தேன். நீங்க குளிக்கப் போனப்பவே எடுத்துட்டேன், அப்போ சூடே ஏறலை. பதமா சுட்டுக் கொடுத்திருக்காங்க. நாளைக்கு ஆபீஸ்ல உங்க மானம் போகக் கூடாதுல்ல?”

அவருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பிறகுதான் மெல்ல உறைத்தது.

“அப்போ ரெண்டு நாளா நான் காவல் காத்தது வெறும் மணலுக்கா? நேத்தே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா யாருங்க சமைச்சிருப்பாங்க?”