உதைநாட்டில் விசில் கைமாறும் விழா

இந்தக் காலத்து ஜனங்கள் சொந்தமாக ஒரு தும்மல்கூடப் போடுவதில்லை. பக்கத்தில் இருப்பவன் தும்முகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள். அழுகிறவன் ஓரக்கண்ணால் யார் பார்க்கிறார்கள் என்று தேடிக்கொண்டே அழுகிறான். சிரிக்கிறவன் எதற்குச் சிரிக்கிறோம் என்று அடுத்தவனிடம் கேட்டுவிட்டு மீதியைச் சிரிக்கிறான். ஆட்டு வியாபாரி கொப்பையாவின் தீராத குறை இது. அவர் வாழ்ந்த நாடு அப்படி.

அந்த நாட்டின் பெயர் உதைநாடு. கடலுக்கு இந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ராஜா கிடையாது. முன்னொரு காலத்தில் ஒருவர் இருந்தார். நாட்டின் கால்பந்துக் குழு தோற்ற சாயங்காலம் அவர் நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்ததும், ஈரத் துண்டோடு ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து குழுவின் கோச் யாரோ அவரே ஆள்பவர். யார் கழுத்தில் விசில் தொங்குகிறதோ அவர் சொன்னதுதான் சட்டம். வரி போட ஒரு ஊதல், வரியைக் கூட்ட இரண்டு ஊதல். குறைக்க எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அப்படி யாரும் ஊதியதில்லை.

அந்த விசில் ஒரு தலைமுறையாகப் பேராசான் வாகைவேந்தரின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் அவர் மாடத்தில் வந்து நின்றார். "இந்தப் பருவம் முடிந்ததும் விசிலை என் உதவியாளர் இளையாசான் பூவரசனிடம் ஒப்படைப்பேன். எல்லாம் திட்டமிட்டபடி நடக்கும்" என்று அறிவித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். ஊர் கொதித்த பால்மாதிரி பொங்கிவிட்டது. பாதிப் பேர் மொட்டை போட்டுக்கொண்டார்கள். பாதிப் பேர் பட்டாசு கொளுத்தினார்கள். ஒருவன் அழுவதா கொண்டாடுவதா என்று முடிவு செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால், நாவிதர் பாதித் தலையை மட்டும் வழித்துவிட்டு, "மீதியை யோசிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். நேற்றுவரை பேராசானைக் குலசாமியாகக் கும்பிட்டவர்கள், தமக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது என்பதை டீக்கடையில் நினைவுகூர்ந்தார்கள். இளையாசான் முகத்தையே பார்த்திராதவர்கள் அவர் முகத்தைப் புஜத்தில் பச்சை குத்திக்கொண்டார்கள். முகம் தெரியாததால் பச்சை குத்துபவர் தன் மைத்துனர் முகத்தைக் குத்திவிட்டார்.

"ஒரு ஆடு மாத்துறவன்கூட பல்லைப் புடிச்சுப் பாக்கான்," என்றார் கொப்பையா, டீயை ஆற்றிக்கொண்டே. "நீங்க என்னடான்னா கொம்புல பூச் சுத்திட்டு வந்து நிக்கிய."

"கொப்பையாவுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது," என்றான் பாதி மொட்டைக்காரன்.

"உன் தலைமேலயே உனக்கு நம்பிக்கை இல்ல, என்னச் சொல்ல வந்துட்ட."

கொப்பையாவுக்கு இந்தக் கூத்தில் அக்கறை இல்லை. அவர் கவலை வேறு. கடைசி மகள் மாங்கனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தவசி, மேற்குத் தெருக்காரன். இவர்கள் கிழக்குத் தெரு. நடுவில் ஒரு சாக்கடை, அதன்மேல் ஒரு பலகை. பத்து எட்டு வைத்தால் சம்பந்தி வீடு.

அந்தப் பத்து எட்டின்மேல்தான் அரசாங்கம் கண் வைத்தது.

உதைநாட்டில் ரசிகர் உணர்ச்சித் துறை என்று ஒன்று உண்டு. அமைச்சர் பெயர் நாவுக்கினியார். அழுதவனும் சிரித்தவனும் டீக்கடைகளில் கிளாஸ்களை உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர் ஓர் ஆணை பிறப்பித்தார். "திட்டமிட்ட மாற்றத்தைத் திட்டமில்லா உணர்ச்சியால் எதிர்கொள்வது நாட்டுக்கு இழுக்கு. ஆகவே விசில் கைமாறும் நாள்வரை கிழக்குத் தெருக்கள் பேராசானின் பிரிவுக்காக அழும். மேற்குத் தெருக்கள் இளையாசானின் வரவுக்காக மகிழும்."

கிழக்கில் பூ விற்கக் கூடாது. மேளம் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது, அது வெடிப்பது சிரிப்பது போலிருக்கிறதாம். மேற்கில் தினமும் பாயசம் கட்டாயம். அங்கே ஒரு பெரியவர் இறந்துபோனார். அவரை உட்காரவைத்து, மாலை போட்டு, பிறந்தநாள் ஊர்வலம் என்று சொல்லித் தூக்கிப்போனார்கள். வழியில் நின்ற காவலர் வாழ்த்துச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

கொப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அமைச்சரைப் பார்க்கப் போனார்.

"ஐயா, மகளுக்குக் கல்யாணம். மேளம் வைக்கணும்."

"மணமகள் எத்தெரு?"

"அழுற தெரு."

"அழுகைத் தெருவில் மேளம் ஒலித்தால் பேராசானின் திருவுள்ளம் நோகும்."

"அப்பச் சரி, மாப்பிள்ளை தெருவுல வச்சுக்கிடுதேன். அங்க சிரிப்புத்தான?"

அமைச்சர் கண்களை மூடித் திறந்தார். "அழுகைத் தெருப் பெண் மகிழ்ச்சித் தெருவுக்குள் நுழைகையில் தன் துக்கத்தை எங்கே இறக்கி வைப்பாள்? துக்கத்தை எல்லை தாண்டிக் கடத்துவது குற்றம், பெரியவரே."

"அப்ப நான் என்னய்யா செய்யட்டும்?"

"விசில் கைமாறட்டும். அன்றோடு எல்லா உணர்ச்சிகளும் வாபஸ். அதற்கெல்லாம் திட்டம் இருக்கிறது."

"கைமாறுமா?"

"திட்டம் இருக்கிறது என்றேனே."

"அதாம்யா பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கொப்பையா திரும்பினார்.

அடுத்து, நாட்டிலுள்ள தவில், நாதசுரம் எல்லாம் விழா ஒத்திகைக்கு என்று அள்ளிக்கொண்டு போகப்பட்டன. அதற்கடுத்து, கிழக்கின் அழுகையில் இன்னும் ஆழம் போதவில்லை என்று பருவமே நீட்டிக்கப்பட்டது. தினமும் சாயங்காலம் ஒப்பாரி வகுப்பு. மூக்குச் சிந்தும் ஓசைகூட ஒரே சீராக வர வேண்டும் என்று மேற்பார்வையாளர் கைத்தாளம் போட்டார்.

இடையில் குழு ஆடியது. மைதான ஓரத்தில் இரண்டு ஆசான்கள் நின்று இரண்டு விதமாகக் கத்தினார்கள். கோல்கீப்பரை ஒருவர் வலப்பக்கம் பாயச் சொன்னார், ஒருவர் இடப்பக்கம் பாயச் சொன்னார். அவர் மரியாதையானவர், இருவர் மனதையும் நோகடிக்காமல் நடுவில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாட்டுக்காரர்கள் கோல் போட்டு அலுத்துப்போய், கடைசியில் இவர்களுக்காகவும் ஒன்று போட்டுக் கொடுத்தார்கள். உதைநாட்டு ரசிகர் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லை. கிழக்குக் கேலரி அழுது முடிக்கவேண்டியிருந்தது, மேற்குக் கேலரி மகிழ்ந்து முடிக்கவேண்டியிருந்தது.

ஒருநாள் சம்பந்தியம்மா வெள்ளையம்மாள் சாக்கடைப் பலகையின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு, சட்டப்படி. ஆனால் குரலில் சிரிப்பில்லை.

"அண்ணே, பாயசம் குடிச்சுக் குடிச்சு உங்க மாப்பிள்ளைக்குப் பட்டுச்சட்டை பத்தல. இன்னும் தள்ளிப்போட்டா வேட்டியும் சுத்தாது. தூக்கத்துலயும் சிரிக்கான்."

"கொஞ்சம் பொறும்மா."

"எம்புட்டுத்தான் பொறுக்க? இந்த மாசம் தாண்டுனா நான் வேற பொண்ணு பாத்துக்கிடுவேன், சொல்லிட்டேன். எங்க தெருவுலயே சிரிச்ச மொகமா நாலு இருக்கு."

உள்ளே மாங்கனி அழுதாள். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "நல்ல சுருதி" என்று பாராட்டிவிட்டுப் போனார். ராத்திரிச் சோற்றைப் போடும்போது அவள்தான் வழி சொன்னாள்.

"அப்பா, விழா அன்னைக்கு ரெண்டு தெருவும் மைதானத்துலதான இருக்கும்? மேளமும் அங்கதான். விசில் கழுத்துல விழுந்ததும் கொட்டுவாகளாம். அந்த நேரம் பாத்து அவுக தாலியக் கட்டிட்டா?"

"விசில் விழும்னு உனக்கு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊரு சொன்னதுனாலதாம்மா சந்தேகமா இருக்கு."

வேறு வழியில்லை. விழா நாளில் தாலியை இடுப்பில் செருகிக்கொண்டு மகளோடு மைதானத்துக்குப் போனார். கிழக்குக் கேலரி முழுக்கக் கறுப்பு, மேற்குக் கேலரி முழுக்க மஞ்சளும் சிவப்பும். நடுவில் ஒரு கயிறு. கயிற்றின் இந்தப் பக்கம் மாங்கனி, அந்தப் பக்கம் மேல் பொத்தான் போட முடியாத சட்டையில் தவசி. தவில்காரர் சுடலைமுத்து குச்சியோடு தயாராக இருந்தார்.

பேராசான் பேசினார். தாம் வந்தபோது இந்த மைதானத்தில் புல்லே இல்லை என்றார். இப்போதும் இல்லை, ஆனால் யாரும் கீழே பார்க்கவில்லை. பிறகு கழுத்திலிருந்த விசிலை இரண்டு கையாலும் தூக்கினார். இளையாசான் பூவரசன் முன்னால் வந்து தலையைக் குனிந்தார்.

கிழக்குக் கேலரி அழ ஆரம்பித்தது. மாதக்கணக்கில் பழகிய அழுகை. எடுப்பும் இறக்கமும், மூக்குச் சிந்தலும் விக்கலும் ஒரே அலையாக எழுந்தபோது, கிழக்குத் தெருக்காரர்களுக்கே மெய்சிலிர்த்தது. பேராசான் விசிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். அவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

"இப்படிப்பட்ட அன்பை விட்டுவிட்டு நான்..." என்றார். கை இறங்கவில்லை.

இளையாசான் குனிந்தே நின்றார். மேற்குக் கேலரி, விசில் விழுந்த பிறகே ஆரவாரிக்க வேண்டும் என்பதால், திறந்த வாயோடு காத்திருந்தது. பேராசானின் கை மெல்ல, மிக மெல்ல, தன் பக்கமே சாய்ந்தது.

"அண்ணே," என்றாள் வெள்ளையம்மாள், சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்ல நேரம் போகுது. நான் எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன்."

கொப்பையா அந்தக் கையைப் பார்த்தார். ஆட்டுக் கயிற்றை நீட்டுவது போல் நீட்டி, பிடியை விடாத வியாபாரிகள் எத்தனையோ பேரைச் சந்தையில் பார்த்தவர் அவர். இந்தக் கையும் விடப்போவதில்லை. தாலியை உருவித் தவசியிடம் கொடுத்தார். பெஞ்சுமேல் ஏறினார். ஆள்காட்டி விரலை ஆகாயத்தில் ஆட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

சுடலைமுத்துவின் கை அமைச்சரைக் கேட்கவில்லை. ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்துக்கு விழுந்து பழகிய கை, அது பாட்டுக்கு விழுந்துவிட்டது. ஒரு தவில் விழுந்ததும் நூறு தவில் விழுந்தது, நாதசுரங்கள் பிளிறின. மைதானத்திலிருந்த அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் கையிலிருந்ததை அட்சதையாக எறிந்தார்கள். சுண்டல் பறந்தது. வேர்க்கடலை பறந்தது. விசில் விழுந்துவிட்டது என்று நினைத்து மேற்குக் கேலரி துள்ளிக் குதித்தது. மேளம் கேட்டால் உச்சத்தில் அழ வேண்டும் என்று படித்திருந்த கிழக்குக் கேலரி உச்சத்தில் அழுதது. அந்தக் களேபரத்தில் தவசி கயிற்றுக்கு மேலாகக் குனிந்து மூன்று முடிச்சும் போட்டான். இரண்டாம் முடிச்சில் சட்டை முதுகில் கிழிந்தது. கொப்பையா யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே நடுவில் பேராசான் பார்த்தார். கிழக்கு கதறுகிறது. மேற்கு குதிக்கிறது. இரண்டும், தம் கை தம் பக்கம் சாய்ந்த அதே நொடியில்! விசிலைத் தம் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார்.

அமைச்சர் நாவுக்கினியார் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள்! பேராசானுக்குப் பின் பேராசானே! மாற்றம் திட்டமிட்டபடி இனிதே நிறைவேறியது! இளையாசான் பூவரசன் இன்றுமுதல் நிரந்தர வருங்கால ஆசான்!"

நிரந்தர வருங்கால ஆசான் நிமிரப் பார்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. குனிந்தபடியே கைகூப்பினார். அடக்கமானவர் என்று ஊரே பாராட்டியது.

கூடவே புது ஆணையும் வந்தது. பேராசான் கிடைத்துவிட்டதால் கிழக்கு இனி மகிழும். இளையாசான் கிடைக்காததால் மேற்கு இனி அழும். இரண்டு கேலரிகளும் கைக்குட்டைகளையும் கொடிகளையும் மாற்றிக்கொண்டன. பாயச அண்டா சாக்கடையைத் தாண்டிப் புறப்பட்டது.

"அண்ணே, எங்க தெரு இப்ப அழுற தெருவால்லா ஆயிட்டு," என்றாள் வெள்ளையம்மாள். அவள் முகத்தில் சிரிப்பு இறங்கி, வெகுநாளைக்குப் பிறகு ஒரு சாதாரண முகம் தெரிந்தது. "புதுப் பொண்ண எப்படி உள்ள கூட்டிட்டுப் போறது?"

"அழுதுக்கிட்டே கூட்டிட்டுப் போ. புகுந்த வீட்டுக்குப் போற பொண்ணு அழுதா எவன் கேப்பான்?"

அதற்குள் அமைச்சர் பொன்னாடையோடு வந்துவிட்டார். நான்கு பேர் கொப்பையாவைப் பிடித்து நிறுத்தினார்கள். "தக்க தருணத்தில் ஒலித்த மக்களின் குரலே, வாழ்க!" என்று தோளில் போர்த்தினார்.

"நான் எம் மக கல்யாணத்துக்குக் கத்துனேம்யா."

அமைச்சர் காதருகே குனிந்தார். முதன்முறையாக அவர் வாயிலிருந்து சாதாரணப் பேச்சு வந்தது. "தெரியும் பெரியவரே. இங்க எல்லாருமே அவங்கவங்க வீட்டு விசேஷத்துக்குத்தான் கத்துறாங்க. எங்களுக்குச் சத்தம் வந்தா போதும்."

பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அடுத்த பருவத்தில் விசில் கைமாறுவது உறுதி! இம்முறை திட்டம் மிகத் துல்லியம். இதையாவது நம்புவீர்களா?" என்றார்.

கொப்பையா பொன்னாடையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். சாயம் விரலில் ஒட்டியது. அதைச் சுருட்டி அமைச்சர் கையிலேயே வைத்துவிட்டு, வேர்க்கடலைத் தோலை மிதித்துக்கொண்டு, மகளையும் மருமகனையும் முன்னால் விட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"பதில் சொல்லாமல் போகிறீர்களே!" என்று பின்னாலிருந்து அமைச்சர் கூப்பிட்டார்.

"கைமாறட்டும், வந்து சொல்லுதேன்," என்றார் கொப்பையா, திரும்பாமலே.