இரண்டு இணுக்குக் கறிவேப்பிலையும் வியன்னா ஒப்பந்தமும்

கரூரில் படுக்கை விரிப்புத் தறி நடத்தும் வசந்தாமணி, மகள் பிரீத்தியின் பிரசவத்துக்காக அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கேட்டி என்ற ஊருக்கு வந்தார். வந்த இரண்டாம் வாரமே சட்டத்தை மீறினார்.

மீறிய விதம் வருமாறு. அடுப்பில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்துவிட்டது. வீட்டில் கறிவேப்பிலை இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் தொட்டிச் செடி ஒன்று தளதளவென்று நின்றது. வெளியே குளிராக இருந்ததால் மருமகன் சபரியின் தலைமூடி வைத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஓடினார். இரண்டு இணுக்குப் பறித்துக்கொண்டு திரும்பினார். கரூரில் இதற்குச் சமையல் என்று பெயர்.

பக்கத்து வீட்டு விஷாகா சென்னைக்காரி. அவள் வீட்டு அழைப்புமணியில் கேமரா உண்டு. அந்தத் தெருவில் கேமரா இல்லாத வீட்டை மனிதர் வாழும் வீடாக யாரும் கருதுவதில்லை. கேமரா, விஷாகாவின் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியது: 'முகம் மறைத்த நபர் உங்கள் உடைமையுடன் செல்கிறார். போலீசுக்குத் தெரிவிக்கலாமா?' ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த விஷாகா, எதற்கும் சம்மதிக்கும் பழக்கத்தில் 'ஆம்' என்று அழுத்தினாள்.

சாம்பார் இறக்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அதிகாரி மிகுந்த மரியாதையோடு கைது செய்து, உரிமைகளை வாசித்தார்.

"என்ன கண்ணு சொல்றாரு?"

"பேசாம இருக்க உனக்கு உரிமை இருக்காம்மா."

"அந்த உரிமை எனக்கு வேண்டாம்னு சொல்லு."

கைரேகை எடுத்தார்கள், நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார்கள், மாலையில் ஜாமீனில் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பிரீத்தி, திருட்டுக் குற்றம் நிரூபணமானால் விசா போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு அழுதாள். "டெலிவரிக்கு நீ இருக்க மாட்டியாம்மா?" என்று அவள் கேட்டபோது வசந்தாமணிக்கு முதல் முறையாகப் பயம் வந்தது.

விஷாகாவும் ஓடிவந்தாள். "ஆன்ட்டி, சத்தியமா நீங்கன்னு தெரியாது! நான் கம்ப்ளைன்ட் வாபஸ் வாங்கிடறேன்."

வாங்க முடியவில்லை. வழக்கின் பெயர் 'டெக்சஸ் மாநிலம் எதிர் வசந்தாமணி'. அதாவது தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு பெரிய ஒரு மாநிலம், இரண்டு இணுக்கை இழந்து நீதி கேட்டு நின்றது.

அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ராமசுப்ரமணியன் என்ற வக்கீல் இருந்தார். கம்பெனி ஒப்பந்தங்கள் பார்ப்பவர். அண்டை வீட்டுப் பாசத்தில் வழக்கை எடுத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, போலீஸ்ல உங்க எம்பசிக்குத் தகவல் சொல்லலாம்னு சொன்னாங்களா?"

"இல்லீங்களே."

"ஜெயிச்சுட்டோம்! வியன்னா ஒப்பந்தப்படி, வெளிநாட்டுக்காரங்களைக் கைது பண்ணினா அதை உடனே சொல்லியாகணும். அமெரிக்கா கையெழுத்துப் போட்டிருக்கு."

நீதிமன்றத்தில் இதைக் கேட்ட நீதிபதி தலையசைத்தார். அவர் சொன்னதை ராமசுப்ரமணியன் வரிக்கு வரி தமிழாக்கினார்.

"அந்த ஒப்பந்தத்தை இந்த மன்றம் மிகவும் மதிக்கிறது. அது அமெரிக்காவைக் கட்டுப்படுத்தும். இது டெக்சஸ்."

"டெக்சஸ் எங்கீங்க இருக்குது?" என்றார் வசந்தாமணி.

"அமெரிக்காவில்."

"அப்புறமென்னங்க?"

"கையெழுத்துப் போட்டது வாஷிங்டன். அங்கே கேட்க வேண்டும்."

"ஐயா, ஜெர்மனிக்காரனோட நான் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டேன்னா, என் தறிக்காரரு 'நான் போடலீங்க'ன்னு சும்மா உக்காந்துக்க முடியுங்களா?"

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். "நல்ல வாதம். ஆனால் காலம் கடந்துவிட்டது. தகவல் சொல்லவில்லை என்ற ஆட்சேபத்தைக் கைதானபோதே எழுப்பியிருக்க வேண்டும்."

"அப்படி ஒண்ணு இருக்குதுன்னே அப்ப எனக்குத் தெரியாதுங்களே. யாருமே சொல்லலை."

"அதைத்தான் ஆட்சேபித்திருக்க வேண்டும் என்கிறேன்."

ஆனாலும் நீதிபதி இரக்கமுள்ளவர். தகவல் போகாததால் வசந்தாமணிக்கு என்ன நஷ்டம் என்று தூதரகத்தையே கேட்கலாம் என்றார். தூதரக அதிகாரி வீடியோவில் தோன்றினார். தகவல் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்கப்பட்டது. அவர் நேர்மையானவர்.

"அப்பாயின்ட்மென்ட் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்லியிருப்போம்."

"சிறையில் இருப்பவரையா?"

"வர இயலாதவர்கள், வர இயலாது என்பதை நேரில் வந்து தெரிவிக்கலாம்."

நஷ்டம் ஏதுமில்லை என்று நீதிபதி பதிவு செய்தார். பிரீத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள்.

மிஞ்சியது ஒரே ஒரு சடங்கு. செடி தன்னுடையதுதான் என்று விஷாகா சாட்சி சொல்ல வேண்டும். அவள் கூண்டில் ஏறியதும் பெருமை முந்திக்கொண்டது.

"என்னோடதுதான். எங்கம்மா சென்னையிலிருந்து ஹேண்ட்பேக்ல, ஈரத்துணி சுத்தி, யாருக்கும் தெரியாம கொண்டு வந்தாங்க."

வெளிநாட்டுக் கறிவேப்பிலைச் செடியை அமெரிக்காவுக்குள் கொண்டுவரக் கூடாது. கொண்டுவரக் கூடாத பொருள் எவருக்கும் உடைமை ஆகாது, உடைமை இல்லாததைத் திருடவும் முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்கு தள்ளுபடி. வசந்தாமணி அங்கேயே மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை அமெரிக்க மத்திய அரசின் செடி அதிகாரிகள் தெருவுக்கு வந்தார்கள். விஷாகாவின் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஒரு செடி இருந்தால் அதன் கன்றுகளும் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீடு வீடாகப் போனார்கள். குளியலறைத் தொட்டியிலிருந்தும் கார் ஷெட்டிலிருந்தும் செடிகளைத் தூக்கி வந்தார்கள். துணி அலமாரியில் ஒளித்திருந்ததும் தப்பவில்லை. ராமசுப்ரமணியன் வீட்டில் மட்டும் மூன்று.

வசந்தாமணி ஓர் அதிகாரியை நிறுத்தி, சபரியை விட்டுக் கேட்கச் சொன்னார். "எந்தச் சட்டப்படிங்க இது?"

"உலகச் செடிப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி."

"ஒப்பந்தம் டெக்சஸ்ல செல்லுங்களா?"

அதிகாரிக்குக் கேள்வியே புரியவில்லை. "ஒப்பந்தம் என்றால் எல்லா இடத்திலும்தானே செல்லும்?" என்றார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "கவலைப்பட வேண்டாம். செடி பிடிபட்டதும் அதன் சொந்த நாட்டுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். பிடிக்கும் முன்பே, நேற்றே கொடுத்துவிட்டோம். டெல்லியிலிருந்து உடனே பதிலும் வந்துவிட்டது, வருத்தம் தெரிவித்து."

வசந்தாமணி தொட்டியில் இருந்த செடியைத் தடவிக்கொடுத்தார். "நல்லா இரு சாமி" என்றார்.

அன்று மாலை தெருவின் தமிழ்க் குடும்பங்கள் விஷாகாவின் வீட்டில் அவசரமாகக் கூடின. 'தெருவின் பசுமைக்குக் குந்தகம் விளைவித்த வெளிநாட்டவர்' வசந்தாமணியை வன்மையாகக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முடிவில் தாமரைச்செல்வி என்பவர் மட்டும் தயங்கித் தயங்கி, "இதை அந்த ஆன்ட்டிகிட்ட இன்ஃபார்ம் பண்ண வேண்டாமா? அவங்க சைடுல என்ன சொல்றாங்கன்னு..." என்று இழுத்தார்.

எல்லோரும் ராமசுப்ரமணியனைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சட்ட விளக்கம் அளித்தார்.

"அப்படி எந்த ஒப்பந்தத்துலயும் நம்ம தெரு கையெழுத்துப் போடலை."