காலுறைக்குள் போன பந்து

கொல்லங்கோட்டு ஹாக்கி டீமுக்கு நான் கேப்டன் ஆனதற்குத் திறமை காரணமில்லை. பதினொரு மட்டைகளில் ஏழு என்னுடையவை, அவ்வளவுதான். எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாத்திரக்கடை. அவர் கோயமுத்தூருக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் நச்சரித்து, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை அவை. மட்டைக்காரன் வைத்ததுதான் சட்டம். நானே கேப்டன், நானே சென்டர் ஃபார்வர்ட். (வயது இருபது. மீசையும் இருந்தது.)

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆடிய ஆட்டம் அத்தனையிலும் தோற்றோம். எங்களுக்கு அது பழகிவிட்டது. ரைஸ்மில் கவுண்டருக்குத்தான் பழகவில்லை. மைதானம் அவருடையது. நெல் காயப்போட இடம் போதாமல் இருந்தவர், ஒருநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பீங்களா, பாலக்காட்டு டீமு வருதாமா. அதுலயும் தோத்தீங்கன்னா மறுநாளே இங்க நெல்லுக் கொட்டிப்போடுவேன். அப்பறம் ஆக்கியெல்லாம் அவனவன் ஊட்டுக்குள்ள ஆடிக்கோங்க."

அன்று சாயங்காலம் நான் கோலைப் பார்த்து அடித்த பந்து சாலைக்குப் போனது. (என் பந்து பெரும்பாலும் அங்கேதான் போகும்.) சாலையில் எஸ்தர் டீச்சர் வந்துகொண்டிருந்தார். பெண்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த டிரில் டீச்சர். கையிலிருந்த குடையைத் தலைகீழாகத் திருப்பி, வளைந்த பிடியால் பந்தை நிறுத்தினார். ஒரே அடி. பந்து எங்கள் எல்லோரையும் தாண்டிக் கோலுக்குள் போய் விழுந்தது.

எங்களில் மூத்தவரான பொன்னுசாமியண்ணன் சாலைக்கே ஓடினார். "ஏனுங்க டீச்சர், நீங்க ஆக்கி ஆடியிருக்கறீங்களா?"

"டிரெய்னிங் காலேஜ்ல ஆடினேன். அந்த சென்டர் ஃபார்வர்ட் யாரு?"

மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"நீங்க பந்தை யாருக்குமே தர மாட்டீங்களா?"

"எதுத்த டீமுக்கு மட்டும் குடுப்பானுங்க டீச்சர்" என்றார் பொன்னுசாமியண்ணன். (துரோகி.)

மறுநாளிலிருந்து டீச்சர்தான் எங்கள் கோச். முதல் வேலையாக என்னைக் கோல்கீப்பராக்கினார். ஒரு பெண்பிள்ளை வந்து என்னைக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்துவதா? ஏழு மட்டைகளையும் கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். டீம் என் காலில் வந்து விழும் என்று இரண்டு நாள் கடையில் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் போய் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தென்னை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் மட்டையில் ஆடியதைவிட நன்றாகவே ஆடினார்கள்.

டீச்சர் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: யாருக்குப் பந்தோ, அவர் பெயரைக் கூப்பிட்டு அடிக்க வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் எங்கள் ஊரில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? "பொன்னுசாமியண்ணா, புடிச்சுக்கோங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து எதிராளியிடம் போயிருக்கும்.

"மரியாதையெல்லாம் கோட்டுக்கு வெளியில வச்சுக்குங்க" என்றார் டீச்சர். "உள்ள வந்தா வெறும் பேருதான்."

பொன்னுசாமியின் சொந்தத் தம்பி சின்னச்சாமிதான் திணறிப்போனான். "பொன்னு!" என்று கத்திப் பந்தை அடிப்பான், பின்னாலேயே ஓடிப்போய் "தப்பா நெனைக்காதீங்கண்ணா" என்பான். நான்காம் நாள் மன்னிப்பு நின்றது, பந்து போய்ச் சேர ஆரம்பித்தது. அன்றும் வேலிக்குப் பின்னால் நின்ற என்னை டீச்சர் பார்த்துவிட்டார். "கோல் காலியாத்தான் இருக்கு, காஜா. வாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மட்டைகளோடு போய்ச் சேர்ந்தேன்.

கோல்கீப்பருக்குக் காலுறை வேண்டுமே! பழைய மெத்தையைக் கிழித்து, இலவம்பஞ்சு திணித்து, முழங்காலுக்கு மேல் வரை வருகிறாற்போல அம்மா தைத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் இரண்டு தலையணைகள் ஊர்வலம் போவது போலிருக்கும்.

பாலக்காட்டு டீம் வந்தது. ஊரே திரண்டிருந்தது. கவுண்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டம் முடியும் முன்பே, "பொன்னு!", "சின்னு!" என்று கைமாறிப்போன பந்தைச் சின்னச்சாமி கோலாக்கினான். ஒன்றுக்குப் பூஜ்யம்! நாங்கள் முன்னணியில்! எனக்குக் கால் நடுங்கியது. (பஞ்சுக்குள் இருந்ததால் வெளியே தெரியவில்லை.)

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். எதிராளி ஒருவன் மிக அருகிலிருந்து அடித்த அடி என் இடது காலில் வந்து விழுந்தது. உறை பிளந்தது. அதே நேரம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒன்று வீசியது பாருங்கள், மைதானம் முழுக்கப் பஞ்சு. அம்பயர் தும்முகிறார். இருபத்திரண்டு பேரும் பந்தைத் தேடுகிறோம். கோலுக்கு வெளியே வந்து நானும் குனிந்து குனிந்து தேடினேன். எங்கேயும் இல்லை. சரி, நம் இடத்துக்குப் போய் நிற்போம் என்று திரும்பினேன்.

"காஜா, நில்லு!" எஸ்தர் டீச்சரின் குரல். அதுவரை என்னை 'வாங்க, போங்க' என்றே பேசியவர்.

'தைரியமாக நில்' என்று உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து, கோட்டைத் தாண்டிக் கோலுக்குள் போய் நின்றேன். காலை உதறினேன். கிழிந்த உறைக்குள்ளிருந்து பந்து உருண்டு விழுந்தது.

அம்பயர் ஊதினார். கோல்!

பந்து உறைக்குள் மாட்டினால் ஆட்டத்தையே நிறுத்தியிருக்க வேண்டும் என்று டீச்சர் குடையை ஆட்டி வாதாடினார். அம்பயர் தும்மலை நிறுத்தவில்லை, தீர்ப்பையும் மாற்றவில்லை. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது.

பஞ்சு ஒட்டிய தலையோடு கவுண்டர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதக் கோலு ஆரு போட்டது?"

"நம்ம சின்னச்சாமிங்க."

"ரெண்டாவது?"

"நா… நானுங்க."

"ரெண்டும் நம்ம பசங்க போட்டது. அவனுக என்னத்தப் போட்டானுக? செயிச்சது நாமதான். போங்க, ஆடுங்க." நெல் வேறிடம் போனது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான்தான் கோல்கீப்பர். நிஜமாகவே ஜெயிக்கவும் செய்தோம். சென்டர் ஃபார்வர்டாக ஒருநாள்கூட அப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

என் நிக்காஹுக்கு வந்த பொன்னுசாமியண்ணன், பெண்வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையை நடித்தே காட்டிவிட்டுப் போனார். என் பீவி என் பெயரை வாய்திறந்து சொல்கிறவள் அல்ல, "இங்க பாருங்க"தான். ஆனால் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியைத் தேடிக்கொண்டு நான் வீட்டைச் சுற்றும்போது மட்டும், அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.

"காஜா, நில்லு!"