அர்ஜுனன் இங்கிலீஷ்ல கடைக்குப் போனது

ஒக்காருங்க, ஒக்காருங்க. பின்னாடி நிக்கறவங்க முன்னாடி வாங்க. யாரு அங்க மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கறது? மடிச்சி வைம்மா. அப்படியே வாயையும் மடிச்சி வை. இது காலு வலிக்கற கதை. காலை நீட்டிக்கினே கேளுங்க.

நம்ம அர்ஜுனன் இருக்கான்ல, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுல ரிசப்ஷன்ல நிக்கறானே, அவன்தான். பேருதான் அர்ஜுனன். வில்லும் கெடையாது, அம்பும் கெடையாது. கையில எப்பவும் ஒரு மஞ்சப்பை.

பௌர்ணமி முடிஞ்ச மறுநாள் சாயங்காலம். கிரிவலம் வந்த ஜனம் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுத்திட்டு ஊருக்குப் போயிடுச்சு. இவன் சுத்தவே இல்ல. கவுன்ட்டர்ல நின்ன எடத்துலயே பதினாலு கிலோமீட்டர் வலி. காலு ரெண்டும் பூரி மாதிரி உப்பிப்போச்சு.

வூட்டுக்கு வந்தான். வாசல்ல பிளாஸ்டிக் சேரைப் போட்டான். பேசின்ல வெந்நீர், ரெண்டு கை உப்பு. காலை உள்ள வுட்டு "ஆஆ"ன்னான். அந்த ஆ முடியல.

"ஏங்க," உள்ளேர்ந்து பொண்டாட்டி சரசு. "அறிவுமதி கடையில ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கியாந்துடுங்க."

அறிவுமதி கடைன்னா தெருமுனை மளிகைக் கடை. கடுகும் அங்கதான், காய்ச்சல் மாத்திரையும் அங்கதான், ஜாக்கெட் ஊக்கும் அங்கதான். ஒரு தடவை போனா முடிஞ்சிடும்னு நெனைக்காதீங்க. கொத்தமல்லி வந்தாத்தான் சரசுக்கு பிரெட்டு ஞாபகம் வரும். பிரெட்டு வந்தாத்தான் பட்டன் ஞாபகம் வரும். ஞாபகம் மொத்தமா வராது அவளுக்கு, லோக்கல் பஸ் மாதிரி ஒண்ணு ஒண்ணாத்தான் வரும்.

இன்னைக்கு இந்த சேரை வுட்டு எந்திரிக்கறதில்லன்னு அர்ஜுனன் முடிவு பண்ணிட்டான். எப்படித் தப்பிக்கறதுன்னு பாக்கறான். பக்கத்துல மக அபிநயா, ஆறாங்கிளாஸ், இங்கிலீஷ் புக்கை வெச்சிக்கினு கத்திக் கத்திப் படிக்குது.

"காய்கறி விக்கறது கிரீன்குரோசர். பிரெட்டு விக்கறது பேக்கர். பூ விக்கறது ஃப்ளோரிஸ்ட். பட்டன், நூலு விக்கறது ஹேபர்டேஷர். மருந்து விக்கறது கெமிஸ்ட்."

அர்ஜுனனுக்கு மண்டையில லைட்டு எரிஞ்சிது. சரசு எட்டாவதோட நின்னவ. 'ஸ்கூல்'னு சொல்லவே முன்னாடி ஒரு 'இ' போடுவா.

"சரசு! இங்க வா. நாளெல்லாம் நான் வெள்ளக்காரங்ககிட்ட இங்கிலீஷ் பேசறேன். இந்த வூட்ல இங்கிலீஷே இல்ல. புள்ள எப்படித் தேறும்? இன்னைலேர்ந்து கடைப் பேரை இங்கிலீஷ்ல சொன்னாத்தான் போவேன். நீ எந்தக் கடைப் பேரைச் சொல்றியோ அந்தக் கடைக்கு மட்டும்தான் போவேன். வேற கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"நெஜமாவா?"

"மலையைப் பாத்து சொல்றேன்டி!" கையைத் தூக்கி மலைப் பக்கம் நீட்டிட்டான்.

இந்த ஊர்ல மலையைப் பாத்து சொன்னா சொன்னதுதான். மாத்த முடியாது. எந்தத் தெருவுல போய் ஒளிஞ்சாலும் அது எட்டிப் பாக்கும்.

அப்ப பக்கத்து போர்ஷன் நூருல்லா பாய் பையோட வெளிய வந்தாரு. பதினோரு வருஷமா பக்கத்துல இருக்காரு, பேசி யாரும் கேட்டதில்ல. தலையை மட்டும் ஆட்டுவாரு. அர்ஜுனன் தினம் அவரை மாதிரியே தலையாட்டி, தோளைத் தொங்கப் போட்டு நடந்து காட்டுவான்.

"பாய், நீங்கதான் சாட்சி! பொண்டாட்டி சொன்னதும் பையைத் தூக்கறீங்களே, என்னைப் பாத்துக் கத்துக்கங்க!"

பாய் மலையைப் பாத்தாரு. பேசினைப் பாத்தாரு. தலையாட்டிட்டுப் போயிட்டாரு.

சரசு சண்டை போடல. "சரிங்க"ன்னா. அங்கயே உஷாராகி இருக்கணும் இவன்.

"அபி, அந்தப் பக்கத்தை இன்னொரு தபா சத்தமாப் படி கண்ணு."

அந்தக் கடைப் பேரெல்லாம் மறுபடி ஒரு தடவை ஓடுச்சு. அவ்ளோதான்.

"ஏங்க. கிரீன்குரோசர். கொத்தமல்லி."

அர்ஜுனன் வாய் தெறந்தது தெறந்தபடி. "சரி சரி, அறிவுமதி கடைக்குப் போய்..."

"அது குரோசர்ப்பா," அபி சொல்லுது. "மளிகை. கிரீன்குரோசர்னா காய்கறி மட்டும்தான் விக்கணும்."

"வேற வாசப்படி மிதிக்க மாட்டேன்னீங்களே," சரசு சொல்றா. "மலை பாத்துக்கினு இருக்குங்க."

நனைஞ்ச காலோட காய்கறி மார்க்கெட்டுக்குப் போனான். வந்தான். வெந்நீர் ஆறிப்போச்சு.

"மறுபடி சுட வெக்கறேன். அதுக்குள்ள பேக்கர், பிரெட்டு."

"எல்லாத்தையும் மொத்தமா சொல்லேன்டி!"

"மிச்சம் நாலு கடைப் பேரையும் ஒண்ணா சொல்ல எனக்கு வாயி வருதாங்க? எட்டாவதுதானே படிச்சேன்."

பேக்கரி பஸ் ஸ்டாண்டு பக்கம். மறுபடி லாட்ஜு வாசலைத் தாண்டித்தான் போனான். வாட்ச்மேன் "இன்னா சார், நைட் டூட்டியா?"ன்னு கேட்டான். மஞ்சப்பையைத் தூக்கிக் காட்டிட்டு நடந்தான். அடுத்து ஃப்ளோரிஸ்ட், கோயில் வாசல்ல ரெண்டு மொழம் மல்லி. அடுத்து ஹேபர்டேஷர், அபி யூனிஃபார்முக்கு வெள்ளை பட்டன். அது தேரடி வீதியில.

பாதி தெருவுல காலு நின்னுபோச்சு. சுத்தும் முத்தும் பாத்தான். அறிவுமதி கடையில பட்டனை வாங்கி, பத்து நிமிஷம் ஆட்டோ ஸ்டாண்டுல ஒக்காந்துட்டு, வூட்டுக்கு வந்தான்.

அபி கவரைப் பாத்துது. "அப்பா, இதுல அறிவுமதி மளிகைனு அச்சடிச்சிருக்குப்பா."

சரசு கவரை மடிச்சி அவன் கையில குடுத்தா. மலைப் பக்கம் திரும்பி கன்னத்துல போட்டுக்கினா. அவன் தேரடி வீதிக்கே போயிட்டு வந்தான்.

வந்து பேசினைப் பாத்தா, ஆவி பறக்குது வெந்நீர். கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு. ஒரு காலை உள்ள வெக்கப் போறான்.

"ஏங்க, கடைசி ஒண்ணு. கெமிஸ்ட்."

"யாருக்குடி ஒடம்பு சரியில்ல?"

"உங்களுக்குத்தாங்க. காலு வலிக்குத் தைலம்."

"எனக்கு வலியே இல்லடி! கம்மி ஆயிடுச்சு! போயே போச்சு!"

"பொய் சொல்லாதீங்க. மலை பாக்குது."

அர்ஜுனன் சேர்ல அப்படியே சாஞ்சிட்டான். அப்ப நூருல்லா பாய் தொழுகையை முடிச்சிட்டு, கடைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. ஒரே பை. மேல கொத்தமல்லி எட்டிப் பாக்குது. பக்கத்துல பிரெட்டு. ஓரத்துல ஒரு தைல டப்பா.

தலையாட்டிட்டுப் போனவரு, ரெண்டு அடி வெச்சி நின்னாரு. திரும்பினாரு. பதினோரு வருஷத்துல மொத தடவை வாயைத் தெறந்தாரு.

"நான் தமிழ்லயே போயிட்டு வந்துட்டேன் தம்பி. ஒரே கடைதான்."